நோன்பு வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பள்ளிக்கூட நாளிலிருந்தே, ரமலான் மாதம் பிறந்ததும் தோழியர் என்னிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். "தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா?" என்பது ஒன்று. "கஞ்சி எப்போ கொண்டு வருவே?" என்பது மற்றது. இரண்டுக்கும் விடை சொல்லிப் பழகிவிட்டேன். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், நான் முதலாண்டில் இருந்தபோது, வகுப்புத் தோழி ஒருத்தி மூன்றாவதாக ஒன்றைக் கேட்டாள்: "பெரியவங்க எல்லாரும் பட்டினி கிடக்கிற வீட்டுல சின்னப் பிள்ளைங்க பகல் பூரா என்னடி செய்யும்?" மணி அடித்துவிட்டதால் அன்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகிறேன்.

நோன்பைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு வெளுக்கத் தொடங்கும் நேரம் முதல் சூரியன் மறையும்வரை உண்பதும் இல்லை, பருகுவதும் இல்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் காலை 4.45 மணியை ஒட்டித் தொடங்கி மாலை 6.30 மணிவரை இது நீளும். பருவம் எய்தாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமை இல்லை. நோயாளிக்கும் பயணிக்கும் தள்ளிவைக்க இடமுண்டு. ஆனால் கடமை இல்லை என்பதற்காகப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்களா? பெரியவர்கள் செய்யும் எதையும் தாமும் செய்தாக வேண்டும் அவர்களுக்கு. ஆகவே நண்பகல் பாங்குவரை பொறுத்திருந்து பிறகு சாப்பிடும் 'அரை நோன்பு' என்ற ஒன்று எல்லா வீடுகளிலும் உண்டு. "ரெண்டு அரை நோன்ப ஊசி நூலால தச்சா ஒரு முழு நோன்பு" என்று என் வாப்பும்மா, அதாவது வாப்பாவைப் பெற்றவர், சொல்வார். என் தம்பி ஒருமுறை மெய்யாகவே ஊசியைத் தேடிக்கொண்டு வந்தான்.

நாங்கள் மேலப்பாளையம். பெண்கள் பீடி சுற்றாத தெருவே அங்கே இல்லை எனலாம். என் உம்மாவும் சாச்சியும் பீடி சுற்றித்தான் குடும்பத்தை ஓட்டினார்கள். வாப்பாவும் சாச்சாவும் திருவனந்தபுரத்தில் ஒரு தேநீர்க் கடையில் வேலை பார்த்தார்கள். வீட்டில் முன்னால் ஒரு தார்சா, உள்ளே ஓர் அறை, அடுக்களை, கையகல முற்றம், மேலே தட்டட்டி. அதற்குள் வாப்பும்மா, உம்மா, சாச்சி, நான், என் தம்பி தங்கை, சாச்சியின் மகன், மகள் என்று எட்டுப் பேர். 2020ஆம் ஆண்டில் எனக்கு வயது பதினைந்து. தம்பிக்கு ஒன்பது, தங்கைக்கு ஏழு, சாச்சி மகனுக்கு ஆறு, மகளுக்கு நான்கு.

அந்த ஆண்டு வரும்வரை நோன்புக் காலத்தில் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எங்கள் வீட்டில் எவரும் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. காலையில் ஓதப்பள்ளி, பகலில் பள்ளிக்கூடம். அஸர் தொழுகை முடிந்ததும் ஆளுக்கொரு தூக்குப்போணியுடன் பள்ளிவாசல் வாசலில் கஞ்சிக்கு வரிசை. அந்த வரிசையில் நிற்பதும் இடம் பிடிப்பதும் சண்டையிடுவதும் கஞ்சி தளும்பாமல் வீடு வந்து சேர்வதும் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். இரவில் தராவீஹ் தொழுகைக்குப் போகும் பெரியவர்களோடு ஆண்பிள்ளைகள் போய்ப் பின்வரிசையில் உறங்கிவிடுவார்கள். பின்னிரவில் தாயிரா கொட்டிப் பாடிக்கொண்டு தெருத் தெருவாக வரும் பக்கீர்களைப் பார்க்க வாசலுக்கு ஓடுவார்கள். இப்படியாக ஊரே பிள்ளைகளை வளர்த்தது. வீடு அதை உணரவில்லை.

2020 மார்ச்சு 25இல் ஊரடங்கு தொடங்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 25இல் தமிழ்நாட்டில் முதல் நோன்பு. பள்ளிக்கூடம், ஓதப்பள்ளி, பள்ளிவாசல் மூன்றும் அடைத்துக் கிடந்தன. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச வேண்டாம், அதற்கான அரிசியை வீடுகளுக்கே கொண்டு சேர்ப்பது என்று முடிவாயிற்று. பக்கீர்கள் வரவில்லை. பீடி இலை வரவில்லை; உம்மாவின் சுளகு சுவரில் சாய்ந்தே இருந்தது. வாப்பாவும் சாச்சாவும் எல்லைக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டார்கள். எனக்கோ மார்ச்சு 27இல் தொடங்கியிருக்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போய், என்று வருமென்று தெரியாமல் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் அதுவரை எவரும் இல்லை. அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகளையும் அதட்டுவதே என் நாளாக இருந்தது.

நோன்பு வீட்டில் பொல்லாத நேரம் எது என்று கேட்டால், அஸர் முதல் மஃரிப் வரை என்பேன். பெரியவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், சொல் குறையும், கோபம் கூடும். கதை சொல்லிச் சமாளிக்கலாம் என்று சிலர் எண்ணலாம். தொண்டை காய்ந்தவரால் எவ்வளவு நேரம் கதை சொல்ல முடியும்? வாப்பும்மா யூசுஃப் நபி கதையைத் தொடங்கினால் கிணற்றில் தள்ளுவதோடு நிறுத்திவிடுவார். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதிலும் வாப்பாவின் அழைப்பு வரும் என்று எவரையும் தொடவிட மாட்டார் உம்மா. இத்தனை ஆண்டுகளாக அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது கஞ்சி வரிசைதான் என்பது, அது நின்றுபோன பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

நான்காம் நோன்பு அன்று அது நடந்தது. பையன்கள் இருவரும் தார்சாவில் பந்து விளையாடினார்கள். மட்டை, பூரிக்கட்டை. பந்து அடுக்களைக்குள் போயிற்று. பின்னாலேயே சாச்சி மகன் ஓடினான். இறக்கி வைத்திருந்த கஞ்சிப் பானை சரிந்தது. கஞ்சி அவன்மேல் படாமல் போனது இறைவன் அருள். பாங்கு சொல்லப் பத்து நிமிடம்கூட இல்லை. உம்மா அவனை அடித்துவிட்டார். அதற்குமுன் அவர் பிள்ளைகள்மேல் கை வைத்து நான் பார்த்ததில்லை. அன்று பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான். தொழுதுவிட்டுத் திரும்பிய உம்மா அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதார். சாச்சி ஒரு சொல் பேசவில்லை.

வாப்பும்மாதான் பேசினார். "எம்மா, புள்ளையள அங்க போ, இங்க வராதேன்னு வெரட்டிக்கிட்டே இருந்தா அது என்ன செய்யும்? நோன்புல அதுக்கும் ஒரு பங்கு குடுங்க."

அடுத்த நாள் முதல் நாங்கள் செய்ததெல்லாம் இதுதான்: நோன்பின் வேலைகளில் சிலவற்றை மெய்யாகவே பிள்ளைகளிடம் ஒப்படைத்தோம். விளையாட்டுக்காகக் கொடுத்த பொய் வேலையாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே கண்டுபிடித்திருப்பார்கள்.

நான்கு வயதுக்காரிக்கு உப்புப் பார்க்கும் வேலை. நோன்பாளி கஞ்சியை விழுங்கிப் பார்க்க இயலாது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தக்காளி, மல்லி, புதினா, கடைசியில் தேங்காய்ப்பால் என்று அத்தனையும் கணக்காகப் போட்டாலும் உப்பு மட்டும் நாக்குக்குத்தானே தெரியும்? ஒரு கரண்டிக் கஞ்சியை ஆறவைத்து அவளிடம் நீட்டுவோம். வீடே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முதல் மூன்று நாள் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்றாள். மூன்று நாளும் உப்பில்லாக் கஞ்சி குடித்தோம். பிறகு, "நேத்து மாதிரி இருக்கா, நேத்தைவிட இருக்கா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். ஒப்பிட்டுக் கேட்டால் சரியாகச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் ஒப்பீட்டு அளவை பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரண்டிதான் நினைவுக்கு வருகிறது.

சாச்சி மகனைச் சஹருக்கு எழுப்பும் பக்கீராக்கினோம். எவர்சில்வர்த் தட்டும் அகப்பையும் கொடுத்தோம். வாப்பும்மா முதலில் அவனை எழுப்ப, அவன் எழுந்து மற்ற எல்லாரையும் எழுப்புவான். அடித்த கையால் தட்டை அவனிடம் கொடுத்தவர் உம்மா. பக்கத்து வீட்டிலும் அவன் கொட்டுக்குத்தான் எழுகிறார்கள் என்று செய்தி வந்த பிறகு பகலில்கூட அவன் நடையே மாறிப்போயிற்று.

தம்பிக்கு என் இயற்பியல் ஆசையால் விளைந்த வேலை. முற்றத்தில் ஒரு தொட்டியில் மண் நிரப்பி, அதில் மண்ணுக்கு மேலே சரியாக ஒரு மீட்டர் நிற்குமாறு குச்சி ஒன்றை நட்டோம். வெயில் ஏறியதும் நிழலின் நுனியில் கரியால் புள்ளி வைப்பது அவன் பொறுப்பு. நிழல் குறுகிக்கொண்டே வந்து மிகச் சிறிதாகும் நேரம் நண்பகல்; எங்கள் ஊரில் அது 12.15 மணியைச் சற்றே தாண்டியதும் வரும். அவன் ஓடி வந்தான். "லாத்தா, நிழல் தெக்கே விழுதுலா!" என்றான். எனக்கும் வியப்புத்தான். சூரியன் என்றும் நமக்குத் தெற்கே இருப்பதாகவே எண்ணியிருந்தேன். புத்தகத்தையும் நாட்காட்டியையும் வைத்துக்கொண்டு யோசித்தபோது விளங்கிற்று. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் 12 வாக்கில் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதையும் கடந்து வடக்கே போகிறது. ஜூன் 21வரை போய், ஆகஸ்டு இறுதியில் மீண்டும் உச்சிக்குத் திரும்புகிறது. அந்த இடைக்காலம் முழுவதும் நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். ஐந்தாம் நோன்பில் 10 சென்டிமீட்டர் இருந்த நண்பகல் நிழல், முப்பதாம் நோன்பில் 21 சென்டிமீட்டர் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் ஒரு நூல் அளவு வளர்ந்த அந்த நிழலைத் தம்பி ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

அதே குச்சி அஸர் நேரத்தையும் சொன்னது. நண்பகலில் இருந்த நிழலோடு குச்சியின் முழு நீளமும் சேர்ந்த அளவுக்கு நிழல் நீண்டால் அஸர் என்பது ஷாஃபி மத்ஹபின் கணக்கு. ஹனஃபி மத்ஹபில் இரண்டு மடங்கு நீளம் கூட வேண்டும். தம்பி முழக்கயிற்றால் அளந்து, "அஸர் ஆச்சு!" என்று கத்துவான். மணி 3.30 இருக்கும். நாட்காட்டியில் அச்சிட்ட நேரத்துக்கும் அவன் சொன்னதற்கும் இரண்டு மூன்று நிமிடமே வேறுபாடு. ஊரில் பாங்கு ஒலிபெருக்கியும் கடிகாரமும் வருமுன் இப்படித்தானே நேரம் பார்த்திருப்பார்கள் என்று வாப்பும்மாவிடம் கேட்டேன். "பாத்தவங்க பாத்தாங்க. நாங்க பீடி எத்தனை கட்டு ஆச்சுன்னு பாத்தோம்" என்றார்.

தங்கைக்குப் பிறை. மாலையில் தட்டட்டிக்குப் போய் நிலவைப் பார்த்து வந்து, தார்சாச் சுவரில் அதன் வடிவத்தைக் கரியால் வரைய வேண்டும். சுவரை அழுக்காக்குவதற்கு உம்மா இசைந்ததே பெரிய செய்தி. மாதத் தொடக்கத்தில், ஏப்ரல் 26 மாலை, பிறைக்குச் சற்றுத் தள்ளி வெள்ளிக்கோள் விளக்கேற்றியதுபோல் நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். அவளது முதல் படம் அந்த நினைவைக் கொண்டு வரைந்ததுதான். முழுநிலாவுக்குப் பிறகு நிலவு பிந்திப் பிந்தி எழும். மாலையில் காணோம் என்று அழுதாள். சஹருக்கு எழுந்தபோது மேற்கு வானில் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். வெள்ளியும் நாளுக்கு நாள் தாழ்ந்து வந்தது.

நிலவின் ஒரு சுற்று ஏறத்தாழ 29 நாள் 12 மணி 44 நிமிடம். அதனால்தான் மாதம் சில வேளை 29, சில வேளை 30. பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள். கதிரவன் ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. எனவே ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் ஒரு சுற்று சுற்றி வருகிறது. 1987ஆம் ஆண்டிலும் ரமலான் ஏப்ரல் இறுதியில்தான் தொடங்கியது. 2024இல் மார்ச்சு 12க்கு வந்துவிட்டது. ஒரே மனிதர் தம் வாழ்நாளில் கோடை நோன்பும் மழைக்கால நோன்பும் நோற்கிறார். தோழியர் பலர் "உங்க பண்டிகை ஏன் மாறிக்கிட்டே இருக்கு?" என்று கேட்பதற்கு விடை இதுவே.

காசு கொடுத்து நோன்பு வைக்கச் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. உறவினர் சிலர் நோன்புக்குப் பத்து ரூபாய் என்று பிள்ளைகளுக்குப் பேசிவைப்பதுண்டு. எனக்கு அது பிடிக்காது. குளியலறையில் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரும் வித்தையை அந்தப் பத்து ரூபாய்தான் கற்பிக்கிறது. எனக்கும் கற்பித்தது.

மே மாதம் நடுவில் தேர்வு ஜூன் 1 என்றார்கள். ஒரு வாரத்தில் அது ஜூன் 15 ஆயிற்று. அதற்குள் வீடு அமைதிப்பட்டிருந்ததால் அஸருக்குப் பிறகு நான் தட்டட்டிப் படியில் உட்கார்ந்து கணக்குப் போட முடிந்தது. கீழே பேரீச்சம்பழத்தை எட்டுக் கிண்ணங்களில் பங்கிடும் சத்தம் கேட்கும்.

மாதக் கடைசியில் ஃபித்ரா வந்தது. பெருநாள் தொழுகைக்கு முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயராலும், கைக்குழந்தை உட்பட, ஒரு ஸாஉ அளவு தானியம் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். நான்கு முத் கொண்டது ஒரு ஸாஉ. சராசரி மனிதரின் இரு கை சேர்த்து அள்ளும் அளவு ஒரு முத். அந்த ஆண்டு எங்களுக்கே ஜமாஅத்துப் பையன்கள் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். உம்மா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே வாங்கிவைத்தார். அதற்குமுன் நாங்கள் எவரிடமும் வாங்கியதில்லை. சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி போதும் என்று கணக்குப் பார்த்து, வந்த அரிசியை அப்படியே எட்டுப் பேர் ஃபித்ராவுக்கு அளக்கச் சொன்னார். "நமக்கு வந்தத நாமளே குடுக்கலாமா?" என்றாள் தங்கை. "வந்து சேந்துட்டா நம்மது. நம்மதத்தான் குடுக்கோம்" என்றார் உம்மா.

அளந்தவர்கள் பிள்ளைகள். தம்பி அள்ளியது சாச்சி அள்ளியதில் பாதிகூட இல்லை. யார் கையால் அளப்பது என்று பெரும் வழக்கு நடந்தது. கடைசியில் சாச்சியின் கைதான் அளவுகோல் என்று தீர்ந்தது. முப்பத்திரண்டு அள்ளல்களையும் நால்வரும் உரக்க எண்ணினார்கள். அலகு என்பது ஏன் வேண்டும் என்று அதைவிடத் தெளிவாக எனக்கு எந்தப் பாடமும் சொன்னதில்லை. நாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்பதைப் பிள்ளைகள் வெளியே சொல்லக் கூடாது என்று உம்மா ஆணையிட்டார். சொல்லவில்லை.

மே 24 காலை வாப்பாவின் அழைப்பு வந்தது. கேரளத்தில் நோன்பு ஏப்ரல் 24இலேயே தொடங்கியிருந்ததால் அங்கே அன்று பெருநாள். இங்கே எங்களுக்கு முப்பதாவது நோன்பு. "வாப்பாவுக்கு மட்டும் எப்படிப் பெருநாள்?" என்று கடைக்குட்டி அழுதாள். தங்கை அவளைச் சுவர் முன் நிறுத்திப் படம் படமாகக் காட்டி, அங்கே பிறை பார்த்த கணக்கு வேறு, இங்கே பார்த்த கணக்கு வேறு என்று விளக்கினாள். நான் விளக்கியிருந்தால் அவ்வளவு எளிதாகப் புரிந்திருக்காது. அன்று மாலை தட்டட்டியில் எட்டுப் பேரும் நின்றோம். மேற்கே கீழ்வானில் வெள்ளி. அதற்கு மேலே பிறை. முதலில் கண்டவள் தங்கைதான்.

மறுநாள், மே 25, தட்டட்டியில் பாய் விரித்து வீட்டோடு பெருநாள் தொழுதோம். புதுத்துணி இல்லை, உம்மாவின் பழைய பட்டு ஒன்றைச் சாச்சி வெட்டிச் சிறுமியருக்குப் பாவாடையாக்கியிருந்தார். முந்திய இரவே மருதாணி அரைத்து எல்லாருக்கும் இட்டாயிற்று. பையன்களும் உள்ளங்கையில் ஆளுக்கொரு பொட்டு வாங்கிக்கொண்டார்கள். பிரியாணிக்குப் பதில் நெய்ச்சோறும் பருப்பும். மாலையில் சாச்சி மகன் தட்டையும் அகப்பையையும் கொண்டுவந்து உம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார்.

ஜூன் 9இல் எங்கள் தேர்வே இல்லை என்று அறிவித்தார்கள். வாப்பா ஜூலையில் வந்து சேர்ந்தார். தார்சாச் சுவரைப் பார்த்துவிட்டு, வெள்ளையடிக்க ஆள் பார்க்க வேண்டும் என்றார். இன்னும் அடிக்கவில்லை. தம்பிக்கு இப்போது பதினான்கு வயது, முழு நோன்பும் நோற்கிறான். உப்புப் பார்த்தவள் தானும் நோன்பு என்று அடம் பிடிப்பதால், அந்தக் கரண்டி இப்போது எதிர்வீட்டு மூன்று வயதுப் பையனிடம் போயிருக்கிறது. அவனும் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்கிறான்.